ஏணிப் பக்கத்துத் தண்ணீர்

பிப்ரவரி 2

இரவு மழை. விடிந்ததும் போய்ப் பார்த்தேன். நீச்சல் குளத்து ஏணி அருகே, தளத்தில் அதே இடத்தில் தேங்கியிருக்கிறது. நீளம் 140 செ.மீ., அகலம் 60. நடுவில் ஸ்கேலை நிறுத்தினால் 9 மி.மீ. வரை நனைகிறது. விரல் கனம்கூட இல்லை.

பிப்ரவரி 4

ஒப்பந்தக்காரர் ஒருவர் வந்தார். குளத்தைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, "பழைய கான்கிரீட்டை உடைக்கவே வேண்டாம் சார். மேலேயே மணலைக் கொட்டி பேவர் கல்லைப் பரப்பிவிடலாம், மூன்றே நாள்" என்றார். தேங்கும் இடத்தைக் காட்டினேன். "அங்கே மட்டும் இரண்டு கரண்டி மணல் கூடுதலாகப் போட்டால் போயிற்று."

கேட்கக் கேட்க நிம்மதியாக இருந்தது. அவர் போன பிறகு அந்த நிம்மதியே உறுத்த ஆரம்பித்துவிட்டது. மூன்று வருடமாக நானும் இப்படித்தானே, போயிற்று போயிற்று என்று.

பிப்ரவரி 5

மேஸ்திரி வந்தார். பேசவில்லை. சுத்தியலால் தளத்தைத் தட்டிக்கொண்டே போனார். வாசல் பக்கம் 'ணங்' என்று கேட்டது. ஏணியை நெருங்க நெருங்கச் சத்தம் மாறியது. காலிப் பானையைத் தட்டுகிற சத்தம். அங்கேயே குத்த வைத்து உட்கார்ந்து ஐந்தாறு முறை தட்டினார். எனக்கு வயிற்றில் புளி கரைத்தது.

கூடுதல் மணல் பற்றிக் கேட்டேன். தலையை ஆட்டி மறுத்தார். "மணல் எல்லா இடத்திலும் ஒரே கனமாக இருக்க வேண்டும் சார், ஓர் அங்குலம். கனமாகப் போட்ட இடம்தான் முதலில் அமுங்கும். இன்றைக்குக் கான்கிரீட்டில் நிற்கிற தண்ணீர் நாளைக்குக் கல் மேல் நிற்கும். பள்ளத்தை முதலில் சரிசெய்ய வேண்டும். கல் அப்புறம்."

கல் மேல் நிற்கும். இந்த வார்த்தையோடுதான் படுக்கப் போகிறேன்.

பிப்ரவரி 6

நாள் முழுக்கக் கணக்கு. வாசல்படிக்கும் தளத்துக்கும் இடையே 95 மி.மீ. வழக்கமான 60 மி.மீ. கல், அடியில் 25 மி.மீ. மணல், மொத்தம் 85. மிச்சம் 10. ஒரு பெருமழை அடித்தால் தண்ணீர் வீட்டுக்குள் வரும். வண்டி ஏறாத இடம், அடியில் கான்கிரீட்டும் இருக்கிறது, 30 மி.மீ. கல் போதும் என்கிறார் மேஸ்திரி. 30, 25, மொத்தம் 55. மிச்சம் 40. சரி.

ஆனால் தளம் 55 உயர்ந்தால் குளத்தின் விளிம்புக் கல் 55 பள்ளத்தில் போய்விடும். தளத்திலிருந்து விளிம்புக்கு ஒரு படி உண்டாகிவிடும். கால் தட்டுவதற்கு 55 எதற்கு, 5 போதும். அதனால் விளிம்பின் மேலும் கல் ஒட்ட வேண்டும்: 50 மி.மீ. கனத்தில் முனை மழுக்கிய கல், அடியில் 5 மி.மீ. பசைக் கலவை. 55. இரண்டும் ஒரே மட்டம்.

மூன்று முறை கூட்டிப் பார்த்தேன்.

பிப்ரவரி 9

மருத்துவமனையில் மனைவியைப் பார்த்துவிட்டு வந்தேன். வாக்கரைப் பிடித்துக்கொண்டு 11 அடி நடந்தாள். திரும்பி உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி, "ஏணிப் பக்கம் பார்த்தீர்களா?"

பார்த்தேன் என்றேன். வேறு ஒன்றும் சொல்ல வரவில்லை. அங்கே பாசி பிடிக்கிறது என்று எத்தனை முறை சொல்லியிருப்பாள். தினமும் காலையில் வைப்பரால் தள்ளிவிடுவேன். அவள் விழுந்த அன்று தள்ளவில்லை.

பிப்ரவரி 10

விரிசல் இரண்டு. வாசல் அருகே ஒன்று, ஏணி அருகே ஒன்று. இரண்டின் குறுக்கேயும் மெல்லிய கண்ணாடித் துண்டை வைத்து, இரு முனைகளிலும் பிளாஸ்டர் பூசி, பக்கத்தில் பென்சிலால் தேதி எழுதினார் மேஸ்திரி. விரிசல் இன்னும் நகர்கிறதா, நின்றுவிட்டதா என்று கண்ணாடி சொல்லிவிடுமாம். நகர்கிற விரிசலின் மேல் எதைப் பரப்பினாலும் பரப்பியதும் நகரும்.

பிப்ரவரி 12

இரண்டும் முழுசாக இருக்கின்றன.

பிப்ரவரி 14

முழுசாக.

பிப்ரவரி 17

ஏணிப் பக்கத்துக் கண்ணாடி உடைந்துவிட்டது. நேர்க்கோடாக, அறுத்து வைத்த மாதிரி. யாரும் மிதிக்கவில்லை, சுற்றிலும் நானே கயிறு கட்டியிருந்தேன்.

பிப்ரவரி 18

ஏணி அருகே மட்டும் 1.5 மீட்டருக்கு 1.2 மீட்டர் அளவில் தளத்தை அறுத்து எடுத்தார்கள். தண்ணீர் விட்டுக்கொண்டே அறுத்தார்கள், முகத்தில் முகமூடி. கான்கிரீட் தூசி நுரையீரலுக்கு ஆகாது. குளத்துக்குத் தார்ப்பாய் போட்டிருந்தோம். குளத்தைக் காலி செய்துவிடலாமா என்று நான் கேட்டதற்கு மேஸ்திரி பதறிவிட்டார். நிலத்தடி நீர் மேலே இருந்தால் காலிக் குளம் படகு மாதிரி கிளம்பிவிடுமாம்.

துண்டைத் தூக்கியதும் கீழே மண் இல்லை. இருட்டு. கையை விட்டேன், முழங்கை வரை போயிற்று. தளம் அந்தரத்தில் நின்றிருக்கிறது. அவள் அதன் மேல்தான் தினமும் நடந்தாள்.

காரணம் பக்கத்திலேயே இருந்தது. விளிம்புக் கல்லுக்கும் தளத்துக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி விட்டு, ரப்பர் போன்ற சீலன்ட் நிரப்புவார்கள். குளம் ஒரு பக்கம் அசையும், தளம் வெயிலுக்கு நீண்டு குளிருக்குச் சுருங்கும். இரண்டும் முட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான் அந்த இடைவெளி. அந்த சீலன்டைக் கட்டைவிரலால் நெம்பினேன். இரண்டு மீட்டர் நீளத்துக்குப் பாம்புச் சட்டை மாதிரி உரிந்து வந்துவிட்டது. எத்தனை வருடமாகக் காய்ந்து கிடந்ததோ. அந்த வழியாகத் தண்ணீர் இறங்கி மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளிக்கொண்டு போயிருக்கிறது. மண் போகத் தளம் இறங்கியது; தளம் இறங்க இன்னும் தண்ணீர் தேங்கியது; தேங்கியது இன்னும் உள்ளே போனது.

நான் மேலே தள்ளிக்கொண்டிருந்தது பாதிதான்.

பிப்ரவரி 19

குளமே ஒழுகுகிறதோ என்று ஒரு பயம். நேற்று தார்ப்பாயை விலக்கி, குளத்துப் படியில் வாளி வைத்து, வாளிக்குள்ளும் வெளியிலும் தண்ணீர் மட்டத்தைக் கோடு போட்டு வைத்தோம். 24 மணி நேரத்தில் இரண்டும் ஒரே அளவுதான் இறங்கியிருக்கிறது. வெயில் குடித்தது மட்டுமே. குளம் ஒழுகவில்லை.

பிப்ரவரி 20

குழியில் சரளை மண்ணை ஒரு சாண் உயரத்துக்கும் குறைவாகப் போட்டுப் போட்டு இடித்தார்கள். பழைய தளத்தின் ஓரங்களில் துளையிட்டு 12 மி.மீ. கம்பிகளை எபாக்சி பசையில் செருகி, புதிய கான்கிரீட் போட்டாயிற்று. ட்யூப் மட்டம் வைத்து வாட்டம் பார்த்தேன். மீட்டருக்கு 20 மி.மீ., குளத்தை விட்டு வெளியே. மூன்று மீட்டர் அகலத்துக்கு 60. பழைய தளத்தில் இந்த இடம் மட்டும் குளத்தைப் பார்த்துச் சாய்ந்திருந்தது.

புதிய கான்கிரீட் நன்றாக இறுக இன்றிலிருந்து 28 நாள்.

பிப்ரவரி 22

புதுக் கான்கிரீட்டைச் சுற்றி மண்ணால் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தச் சொன்னார் மேஸ்திரி. ஏழு நாள் காயவே விடக் கூடாது. காலையிலும் மாலையிலும் அதே இடத்தில், என் கையாலேயே தண்ணீரை ஊற்றி நிறுத்துகிறேன். முதல் வாளியை ஊற்றும்போது கை நடுங்கியது. தண்ணீரில் ஏணியின் நிழல் விழுகிறது. அன்றும் விழுந்திருக்கும்.

பிப்ரவரி 25

19 அடி. நடுவில் நிற்கவில்லை.

மார்ச் 1

துளை போடும் விஷயம் தூங்க விடவில்லை.

மண் மேல் பேவர் போட்டால் கல் இடுக்கில் இறங்கும் தண்ணீர் மணலைக் கடந்து மண்ணுக்குள் போய்விடும். அடியில் கான்கிரீட் இருந்தால் எங்கே போகும்? மணலும் கல்லும் ஊறிக்கொண்டே கிடக்கும். கல் ஆடும், உப்புப் பூக்கும், பாசி பிடிக்கும். அதற்குத்தான் தாழ்ந்த ஓரத்தில் பழைய தளத்தில் 50 மி.மீ. அகலத்தில் துளைகள் போட்டு, சிறு கூழாங்கல் நிரப்பி, மேலே ஜியோடெக்ஸ்டைல் துணி விரிக்கிறார்கள். தண்ணீர் இறங்கும், மணல் இறங்காது.

ஆனால் குளத்துக்குப் போகிற குழாய்களும் இந்தத் தளத்துக்கு அடியில்தான் எங்கோ ஓடுகின்றன. வரைபடம் இல்லை. ஒரு துளை குழாயில் இறங்கினால் மறுபடியும் அடியில் தண்ணீர், மறுபடியும் மண் போகும், மறுபடியும் பள்ளம். மோட்டார் அறையிலிருந்து, மேலே மிதக்கும் குப்பையை இழுக்கும் ஸ்கிம்மருக்கும், தண்ணீர் திரும்பி வரும் வாய்களுக்கும் எப்படிப் போயிருக்கும் என்று சாக்கட்டியால் தளத்தில் கோடு போட்டுப் பார்த்தேன். அழித்தேன். மறுபடி போட்டேன். குளத்திலிருந்து தூரத்தில், வெளி ஓரத்தை ஒட்டி மட்டும் துளைக்கலாம். தளத்தின் கனம் 100 மி.மீ.; டிரில் கம்பியில் 105-ல் சிவப்பு டேப் சுற்றிவிடலாம். டேப் தொட்டதும் நிறுத்த வேண்டும். அதற்கு மேல் ஒரு நூல்கூடப் போகக் கூடாது.

மார்ச் 2

14 துளைகள். பதினான்கிலும் டேப்போடு நின்றது. ஒவ்வொன்றிலும் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். மெதுவாக இறங்குகிறது. எல்லாவற்றிலும் இறங்குகிறது.

மார்ச் 4

ஏணியை உயர்த்தினார்கள். ஏணிக்கால் செருகும் உலோகக் குழிகளும் தளத்துக்குள் இருக்கும் கம்பிகளும் குளத்து விளக்கும் ஒரே கம்பியால் இணைந்திருக்க வேண்டும். எங்காவது மின்கசிவு வந்தாலும் நனைந்த உடம்பு இரண்டு வேறு மின்னழுத்தங்களைத் தொட்டுவிடாமல் இருக்க. எலக்ட்ரீஷியன் மீட்டர் வைத்துப் பார்த்தார். அறுத்த இடத்தில் ஓர் இணைப்பு விட்டுப்போயிருந்தது. கல்லைப் பரப்பிய பிறகு யார் கண்டிருக்கப் போகிறார்கள்? இன்று பார்த்தது நல்லதாயிற்று.

ஸ்கிம்மர் மூடிக்கும் 55 மி.மீ. வளையம் வாங்க வேண்டும்.

மார்ச் 6

மகளுக்குக் கருஞ்சாம்பல் நிறம் பிடித்திருக்கிறது. "அழுக்குத் தெரியாது அப்பா." இரண்டு நிறத்திலும் ஒவ்வொரு கல்லை மதிய வெயிலில் வைத்து, மூன்று மணிக்குச் செருப்பைக் கழற்றி நின்றோம். கருஞ்சாம்பலில் மகள் ஐந்து எண்ணுவதற்குள் காலை எடுத்துவிட்டாள். வெளிறிய மணல் நிறத்தில் நிற்க முடிந்தது. பிறகு இரண்டையும் நனைத்து ஈரக் காலைத் தேய்த்துப் பார்த்தோம். மணல் நிறக் கல்லின் சொரசொரப்பு காலைப் பிடித்துக்கொள்கிறது.

மனைவியால் இப்போது வேகமாகக் காலை எடுக்க முடியாது. வேறு பேச்சே இல்லை.

மார்ச் 8

துணி விரித்தாயிற்று. விளிம்பு ஓரத்தில் மேலே மடித்து விட்டிருக்கிறோம், மணல் குளத்துக்குள் கசியாமல் இருக்க. கழுவிய பருமணல். கிரஷர் தூள் விலை குறைவு என்று யாரோ சொன்னதைக் கேட்கவில்லை. அது தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டு குழாய்களைத் தண்டவாளம் போலப் போட்டு, மட்டப்பலகையால் மணலை இழுத்தோம். ஏணிப் பக்கம் நானே இழுத்தேன். ஆணி குத்திப் பார்த்தேன், 25. அடுத்த இடத்தில் 25. ஏழு இடத்தில் 25.

மார்ச் 10

40 அடி! கைப்பிடி இல்லாமல் கடைசி மூன்று.

மார்ச் 11

விளிம்புக் கற்கள் ஒட்டி முடிந்தன. வெளி ஓரத்துக் கடைசி வரிசையும் பசையில்தான். நடுவில் மணலில் கிடக்கும் கல் எல்லாவற்றையும் அந்த வரிசைதான் நகராமல் பிடித்து வைத்திருக்கும். மெல்லிய கல்லுக்கு அதிர்வு இயந்திரம் வேண்டாம், விரிசல் விட்டுவிடும். பலகை வைத்து ரப்பர் சுத்தியலால் தட்டுகிறோம்.

மார்ச் 12

முழங்கால் தேய்ந்துவிட்டது. நான்கு வரிசை.

மார்ச் 14

கல் முடிந்தது. பழைய தளத்தில், அது நீண்டு சுருங்குவதற்காக விட்ட விரிவு இணைப்பு இருந்த இடத்தில் கல்லிலும் அதே கோட்டில் இடைவெளி விட்டோம்.

மார்ச் 15

அவள் வீட்டுக்கு வர டாக்டர் தேதி சொல்லிவிட்டார். 21.

மார்ச் 16

சீலன்ட். இதை யாரிடமும் விடவில்லை. இடைவெளி 12 மி.மீ. முதலில் நுரைக் கயிற்றை உள்ளே அழுத்தினேன், மேலே 6 மி.மீ. சீலன்ட். அது இரண்டு பக்கங்களை மட்டும்தான் பிடிக்க வேண்டும். அடியிலும் பிடித்துக்கொண்டால் இழுபடும்போது கிழிந்துவிடும். சோப்புத் தண்ணீரில் நனைத்த கரண்டிக் காம்பால் முழு நீளமும் தேய்த்துவிட்டேன். ஏணியிடம் வந்தபோது இருட்டிவிட்டது. மகள் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றாள். இருவரும் பேசவில்லை.

மார்ச் 17

நனைத்தால் இறுகும் பாலிமர் மணலை இடுக்குகளில் கூட்டித் தள்ளி, கல் மேல் ஒட்டியதை ஊதிவிட்டு, தூறல் போலத் தண்ணீர் தெளித்தோம். இனி ஒரு நாள் மழை வரக் கூடாது. மேற்கே கறுத்திருக்கிறது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஜன்னல்.

மார்ச் 18

மழை வரவில்லை. ஆனால் வடக்கு ஓரத்தில் ஏழெட்டுக் கற்களில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. நெஞ்சு அடைத்துப் போயிற்று, அதற்குள் அடியில் தண்ணீரா என்று. மேஸ்திரி தொலைபேசியிலேயே அமைதிப்படுத்தினார். கல்லில் உள்ள சிமெண்டின் சுண்ணாம்பு ஈரத்தோடு மேலே வந்து காய்வதுதான். புதுக் கல்லில் வரும், தானாகவே போகும். அது அடங்கும்வரை மேலே கல்லை மூடும் சீலர் எதுவும் பூசக் கூடாது, பூசினால் வெள்ளை உள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

மார்ச் 19

இரண்டு வாளி ஊற்றிப் பார்த்தேன். ஓடிவிட்டது. வாளி வேறு, மழை வேறு.

மார்ச் 20, காலை 5.10

28-ஆவது நாள். மழை சத்தம். நல்ல மழை. விளக்கைப் போட்டுவிட்டு ஸ்கேலை எடுத்துக்கொண்டு போகிறேன்