மதிப்பெண் பட்டியலை வைத்துப் பைத்தான் மெத்தடுகளைப் பழகுவது

பைத்தான் நிரல்மொழியில் உள்ளமைந்த ஃபங்ஷன்களையும் மெத்தடுகளையும் பழக, பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் அருமையான தரவு. ஐந்து பாடம், பாடத்துக்கு 100, ஒவ்வொன்றிலும் 35 எடுத்தால் தேர்ச்சி என்று வைத்துக்கொள்வோம். வரவேண்டிய விடையைத் தாளிலேயே கூட்டிப் பார்த்துவிடலாம். கட்டாயம் பார்க்கவும் வேண்டும். இந்த ஃபங்ஷன்கள் பல நேரம் எரர் எதுவும் காட்டாமலே தப்பான விடையைத் தந்துவிடும்.

"கவிதா,78,9,100,64,35" என்ற ஒரே வரியில் தொடங்குங்கள். கமாவைக் கொடுத்து ஸ்பிளிட் (split) செய்தால் ஆறு துண்டுகள் உள்ள லிஸ்ட், அதாவது பட்டியல் வரும். முதலாவது பெயர். மீதி ஐந்தையும் அப்படியே, பெரியதைத் தரும் மேக்ஸிடம் (max) கொடுத்தால் 9 என்று வரும். சிறியதைத் தரும் மின் (min) 100 என்கிறது! துண்டுகள் இன்னும் எண்ணாகாத ஸ்ட்ரிங்தான் (எழுத்துத் தொடர்) என்பதால் அகராதியில் சொற்களை அடுக்குவதுபோல முதல் எழுத்திலிருந்து ஒப்பிடுகிறது. கூட்டித் தரும் சம் (sum) மட்டும்தான் டைப்எரர் காட்டி நிற்கும். ஒவ்வொரு துண்டிலும் ஒரு ஃபங்ஷனை ஓட்டும் மேப்பையும் (map) முழு எண்ணாக்கும் இன்ட்டையும் (int) சேர்த்து எண்ணாக்கி, உடனே லிஸ்டாகவும் மாற்றிக்கொள்ளுங்கள். மேப்பை ஒருமுறைதான் படிக்க முடியும்: சம் 286 என்று சரியாகக் கூட்டி முடித்ததும் மேக்ஸுக்கு எதுவும் மிஞ்சாது, வேல்யூஎரர் வரும்.

அடுத்து, தேர்வுக்கு வராத மாணவர். மதிப்பெண் இருக்கவேண்டிய இடத்தில் "ஆப்சென்ட்" என்று இருந்தால் இன்ட் நின்றுவிடும். பலரும் அங்கே 0 போட்டுச் சமாளிக்கிறார்கள். 80, 70, 90, 60 எடுத்து ஒரு தேர்வுக்கு வராதவருக்கு எழுதிய நான்கின் சராசரி 75. 0 போட்டால் 60 ஆகிவிடும். 0-க்குப் பதில், மதிப்பு எதுவும் இல்லை என்று காட்டும் நன் (None) போடுங்கள். அதை நீக்க, வடிகட்டித் தரும் ஃபில்டருக்கு (filter) முதல் மதிப்பாக நன் கொடுப்பது சுருக்கமாகத் தெரியும், ஆனால் உண்மையாகவே 0 எடுத்த மதிப்பெண்ணையும் அது தூக்கிவிடும். "இஸ் நாட் நன்" (is not None) என்று நிபந்தனை எழுதி வடிகட்டுவதே சரி.

தேர்ச்சி பார்க்க ஆல் (all) போதும்: எல்லா மதிப்பெண்ணும் 35-க்குக் குறையாமல் இருந்தால் ட்ரூ (True, ஆம்). ஆனால் வெறும் லிஸ்டுக்கும் ஆல் ட்ரூதான் சொல்லும். ஒரு தேர்வும் எழுதாதவர் தேர்ச்சி பெற்றுவிடுவார்! எண்ணிக்கை சொல்லும் லென் (len) 5 இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

வரிசைப்படுத்தலில் எல்லோரும் விழும் குழி ஒன்று உண்டு. சார்ட் (sort) அந்த லிஸ்டையே மாற்றிவிட்டு நன் திருப்பும். சார்ட்டட் (sorted) புதிய லிஸ்ட் தரும். சார்ட்டின் விடையை ஒரு மாறியில் வாங்கிவைத்தால் அதில் பட்டியல் இருக்காது. ரேங்க் போட, மொத்தங்களை இறங்குவரிசையில் அடுக்கி, ஒரு மதிப்பு இருக்கும் இடத்தை 0-விலிருந்து எண்ணிச் சொல்லும் இண்டெக்ஸ் (index) மெத்தடின் விடையோடு 1 கூட்டினால் போதும். 450, 432, 432, 410 என்றால் 1, 2, 2, 4 என்று ரேங்க் வரும், ஏனென்றால் இண்டெக்ஸ் முதலில் கிடைக்கும் இடத்தையே சொல்கிறது.

தசமத்தை முழு எண்ணாக்கும் ரவுண்டில் (round) கவனம் தேவை. 34.5-ஐ ஆசிரியர் 35 ஆக்குவார். பைத்தான் 34 ஆக்கும். சரிபாதியில் நிற்கும் எண்ணை அது அருகிலுள்ள இரட்டைப்படை எண்ணுக்குக் கொண்டுபோகும், அதனால்தான் 35.5 மட்டும் 36 ஆகிறது. மதிப்பெண்ணுக்கு 0.5 கூட்டி இன்ட் போடுங்கள்.

பெயர்களைத் தமிழில் வைத்திருந்தால் இன்னொரு சிக்கலும் வரும். லென் "கவிதா"வுக்கு 3 சொல்லாது, 5 சொல்லும். துணையெழுத்துகளையும் தனித்தனியாக எண்ணுகிறது. சார்ட்டட், கணினி ஒவ்வொரு எழுத்துக்கும் வைத்திருக்கும் யூனிகோட் எண்களின்படி அடுக்குவதால் "அமுதா"வுக்கு முன்னால் "அன்பு" வந்து நிற்கும். நம் நெடுங்கணக்கில் ம முன்னே, ன கடைசி. இதைச் சரிசெய்ய, நெடுங்கணக்கு வரிசையை ஒரு ஸ்ட்ரிங்காக எழுதி, ஒவ்வொரு எழுத்தின் இடத்தையும் அதில் தேடித் தரும் ஃபங்ஷனைச் சார்ட்டடுக்குக் கீயாகக் (key, எதை வைத்து அடுக்குவது என்பது) கொடுக்க வேண்டும். புள்ளியை உயிர்க்குறிகளுக்கு முன்னால் வைக்க மறந்தால் "அனிதா"வுக்குப் பின்னால் "அன்பு" போய்விடும்.