வன்னியில் ஏது அருவி?

2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்களைப் பூட்டினபோது இலங்கையின் வடக்கே வன்னியில், எங்கள் ஒட்டுசுட்டான் பக்கத்துப் பிள்ளைகள் சிக்னல் தேடிக் குளக்கட்டில் ஏறி நின்றுதான் ரீச்சர் வட்ஸ்அப்பில் அனுப்பின பாடத்தைக் கொப்பியில் எழுதினார்கள், அதுவும் தகப்பன் வயலால் வந்து போனைக் கையில் கொடுத்தால்தான். இப்ப மகள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் தமிழிலேயே கடந்தகால வினாத்தாள் எடுக்கிறாள், கணக்கு விளங்காவிட்டால் யூடியூப்பை நிப்பாட்டி நிப்பாட்டிப் பார்க்கிறாள். ரியூசனுக்குப் புதுக்குடியிருப்புக்கு பஸ் ஏறத் தேவையில்லை, சரி, நல்லதுதான்.

ஆனால் நேற்று 'எங்கள் கிராமம்' கட்டுரையை சாட்ஜிபிடியிடம் கேட்டு எழுதியிருந்தாள். அதில் மலைச்சாரலாம், அருவியாம்! குளத்தையும் பாலைப்பழத்தையும் போட்டுத் திருப்பி எழுது பிள்ளை என்றேன். இன்னும் என்னோடு கதைக்கவில்லை.