பாளையில் 190, அம்பையில் 195

பிசான நெல் நடவு சமயத்தில் உரக்கடையில் மூச்சுவிட நேரமிருக்காது. அண்ணாச்சிக்குப் பாளையங்கோட்டையில் ஒரு கடை, அம்பாசமுத்திரத்தில் ஒரு கடை, நடுவில் சேரன்மகாதேவியில் பொதுக் குடோன். இரண்டு கடையிலும் பில்லும் சரக்குக் கணக்கும் மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸில். இங்கே போடும் பில் அங்கேயும், அங்கே போடுவது இங்கேயும் தானாகப் போய்ச் சேரும்படி இருவழி ரெப்ளிகேஷன் போட்டுக் கொடுத்தது நான்தான்.

ஐப்பசி மழையில் ஒருநாள் அம்பையில் இரண்டரை மணி நேரம் நெட் இல்லை. லைன் வந்ததும் பில் போடும் பெண்ணிடமிருந்து போன்: "அண்ணே, பாளை பில்லு ஒண்ணும் வரமாட்டேங்குது." ஸ்டேட்டஸ் பார்த்தேன். அடுத்த கடையின் மாற்றங்களை வாங்கிவரும் ஐஓ த்ரெட் ஓடுகிறது, அவற்றை இங்கே பதியும் எஸ்க்யூஎல் த்ரெட் நின்றுகிடக்கிறது. பிழை 1062, டூப்ளிகேட் என்ட்ரி '4217': அந்தப் பில் எண் ஏற்கெனவே இருக்கிறதாம். நெட் இல்லாத நேரத்தில் ஆளுக்கொரு 4217 போட்டிருக்கிறார்கள்.

அவசரத்தில் எல்லாரும் செய்வதையே நானும் செய்தேன். இடித்த பதிவைத் தாண்டிப் போகச் சொல்லும் ஸ்கிப் கவுன்டரை 1 என்று வைத்து ஸ்டார்ட். அடுத்து 4218-ல் நின்றது. மறுபடி ஸ்கிப். இப்படி இரு பக்கமும் 11 தடவை. அப்புறம் ஓடியது, நானும் நிம்மதியாகச் சாப்பிடப் போனேன்.

மறுநாள் குடோனில் எண்ணிப் பார்த்தால் டிஏபி மூட்டை எந்தக் கணக்கோடும் ஒட்டவில்லை. ஸ்கிப் செய்தால் அந்த ஒரு வரி மட்டும் போவதில்லை, அதோடு சேர்த்துப் பதிந்த மொத்த டிரான்ஸாக்ஷனும் போய்விடும். பில்லோடு சரக்குக் கழிவும் போயிருந்தது.

சரி செய்ய ஒரு ராத்திரி ஆனது. முதலில் பில் எண் தானாகக் கூடும் ஆட்டோ இன்க்ரிமென்ட் படியை 2 ஆக்கி, பாளைக்கு ஒற்றைப்படை, அம்பைக்கு இரட்டைப்படை என்று பிரித்தேன். அடுத்த கடைக்கு அனுப்ப மாற்றங்களைக் குறித்துவைக்கும் பைனரி லாக்கை அம்பையில் அணைத்துவிட்டு அந்த 11 பில்களை நீக்கி, அந்த இடத்தில் பாளையின் 11-ஐ ஏற்றினேன். லாக்கைத் திரும்பப் போட்டு, அம்பை பில்களைக் கார்பன் காப்பி பார்த்துப் புது எண்ணில் அடித்தோம்.

"ஒண்ணு விட்டு ஒண்ணு காணுமேடே, ஆடிட்டர் கேட்டா என்ன சொல்ல?" என்றார் அண்ணாச்சி. நியாயம்தான். ஜிஎஸ்டி விதிப்படி பில் எண் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். ஆனால் ஒன்றுக்கு மேற்பட்ட வரிசை வைத்துக்கொள்ளலாம், 16 எழுத்துக்குள். ஊர் எழுத்தை முன்னால் போட்டு, அச்சாகும் எண்ணைத் தனியாகப் பிரித்துவிட்டேன்.

இத்தனைக்கும் பிறகு இரண்டே நாளில் சரக்கு மறுபடி இடித்தது. இந்தத் தடவை பிழைச்செய்தியே இல்லை! இருப்பு 200. பாளையில் 5 மூட்டை விற்று 195 என்று எழுதுகிறார்கள். அதே நொடியில் அம்பையில் 10 விற்று 190. மாறிய வரியை அப்படியே அனுப்பும் ரோ முறை ரெப்ளிகேஷன் கழித்தலை அனுப்பாது, விடையை அனுப்பும். ஆக, பாளையில் 190, அம்பையில் 195, குடோனில் 185. எனக்கு 1062 எவ்வளவோ தேவலை என்றாகிவிட்டது, அதுவாவது நின்று சத்தம் போடுகிறதே.

டேபிளில் இருப்பு என்ற நெடுவரிசையையே எடுத்துவிட்டேன். ஒவ்வொரு விற்பனையும் ஒரு மைனஸ் வரி, வரவு ஒரு பிளஸ் வரி; கூட்டினால் இருப்பு. வாடிக்கையாளர் போன் நம்பரை இரு கடையிலும் ஒரே நேரத்தில் திருத்தினால் இன்னும் அதே கதைதான். அதைப் பாளையில் மட்டும் திருத்தும்படி பூட்டி வைத்திருக்கிறேன்.