ஐயாற்றைக் கடந்த கருப்பி

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் என் நாய் கருப்பியின் தலை என் மடியில்தான். காப்புக்காட்டுக்குள் நாயைக் கூட்டிப் போகக் கூடாது. அதனால் ஐயாற்றை ஒட்டிய ஊர்ப்பாதையில் நடந்தோம். வழியெல்லாம் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி, கீழே காபிச்செடி.

தண்ணீரைக் கண்டதும் நின்றுவிட்டாள். குட்டியில் கிணற்றில் விழுந்தவள், அந்த நடுக்கம் இன்னும் போகவில்லை. நான் கயிற்றை இழுக்கவில்லை. முழங்கால் ஆழத்தில் இறங்கி நின்று பெயரை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். கால் மணி நேரம். ஒரு பாதம் வைத்தாள், அப்புறம் இன்னொன்று. அக்கரையில் உடம்பை உதறியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சாயங்காலம் காதுமடல், விரலிடுக்கெல்லாம் பார்த்து ஆறு உண்ணி எடுத்தேன். இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள், உண்ணிக் காய்ச்சல் நாயின் உயிரையே எடுத்துவிடும்.