செம்பூர் சொசைட்டியில் எமர்ஜென்சி லைட் மாற்றிய கதை

மும்பையில் கரண்ட் போவதே அபூர்வம். 2020 அக்டோபர் 12 அன்று ஊர் முழுக்க மின்சாரம் நின்றதை இன்னமும் பேசுகிறோம் என்றால் பாருங்களேன். அதனாலேயே இங்கே மாடிப்படி எமர்ஜென்சி லைட்டின் பேட்டரி செத்து வருஷக்கணக்கானாலும் யாருக்கும் தெரிவதில்லை.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பு சொசைட்டியிலும் அப்படித்தான். மகாராஷ்டிராவின் 2006 தீத்தடுப்புச் சட்டப்படி ஜனவரியிலும் ஜூலையிலும் லைசென்ஸ் உள்ள ஏஜென்சியிடம் தீத்தடுப்புச் சாதனங்கள் சரியாக இருக்கின்றன என்று சொல்லும் ஃபார்ம் பி சான்றிதழை வாங்கித் தீயணைப்புத் துறைக்குக் கொடுக்க வேண்டும். ஜூலையில் வந்தவர் டெஸ்ட் பட்டனை அமுக்கினார், எரிந்தது, டிக் போட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை, படிக்கட்டு லைட்டுக்கான எம்சிபியை (கரண்டைத் தானே துண்டிக்கும் சுவிட்ச்) இறக்கச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாக மங்கி அணைந்தன. தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016 கேட்பதோ குறைந்தது ஒன்றரை மணி நேரம்!

புதுசு போடலாம் என்றதும் மூன்றாம் மாடி மாமி, "ஏன்டா, லைட் இருக்கற இடத்துல இன்னொரு லைட் எதுக்கு?" என்றார். "புகை வந்தா லிஃப்ட்ல போகக்கூடாது மாமி, இருட்டுல படி இறங்கணுமே" என்றேன். அப்புறம் மீட்டிங்கில் மாமிதான் எனக்காகப் பேசினார்.

சாமான் லோஹார் சால் எலக்ட்ரிக்கல் கடைத்தெருவில் வாங்கியாகிவிட்டது. தலைவலி வயரிங்கில்தான். எலக்ட்ரீஷியன் மீட்டர் ரூமிலிருந்து எல்லா லைட்டுக்கும் தனி லைன் இழுக்கிறேன் என்றார். பார்க்க நீட்டாக இருக்கும், ஆனால் நாலாம் மாடி படிக்கட்டு எம்சிபி மட்டும் ட்ரிப் ஆகி அங்கே இருட்டானாலும் அந்தத் தனி லைனில் கரண்ட் இருந்துகொண்டே இருக்கும், எமர்ஜென்சி லைட்டும் எரியாமல் பேசாமல் இருக்கும். அந்தந்த மாடியின் சாதா லைட் சர்க்யூட்டிலிருந்தே, அதுவும் சுவிட்சுக்கு முன்னாலிருந்து எடுக்க வேண்டும். சுவிட்சுக்குப் பின்னால் எடுத்தால் வாட்ச்மேன் காலையில் விளக்கை அணைக்கிறபோதெல்லாம் கரண்ட் போய்விட்டதாக நினைத்து இது எரியும், தினமும் பேட்டரி வடிந்து சீக்கிரம் போய்ச்சேரும். இதைப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது, என் ஹிந்தி வேறு அந்த லட்சணம்.

ஒவ்வொரு படி வரிசையிலும் நேராக வெளிச்சம் விழும்படி, திருப்பங்களில், வெளிவாசலில், தீயணைப்பான் பக்கத்தில் என்று மாட்டினோம், தரையிலிருந்து 2 மீட்டருக்குக் கீழே வராமல். மொட்டைமாடிக் கதவுக்கு மட்டும் தூசும் தண்ணீரும் புகாத ஐபி65 பெட்டி, மழைச்சாரல் நேராக அடிக்கும் இடம். வெயிலில் அந்த இடம் கொதிக்கும், சூட்டில் லெட் ஆசிட் பேட்டரியின் ஆயுசு குறையும், அதனால் காசு கூடினாலும் அங்கே லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி.

புது லைட்டை 24 மணி நேரம் சார்ஜ் ஏற்றிவிட்டுத்தான் சோதித்தோம். இப்போது மாசம் ஒருமுறை சும்மா எரியவிட்டுப் பார்ப்பது, வருஷம் ஒருமுறை ஒன்றரை மணி நேரமும் ஓடவிடுவது. முழுச் சோதனையை எல்லா மாடிக்கும் ஒரே நாளில் வைத்தால் அன்று ராத்திரி மொத்தக் கட்டடத்திலும் பேட்டரி காலியாக இருக்கும், அதனால் ஒற்றைப்படை மாடி ஒரு நாள், இரட்டைப்படை சில நாள் கழித்து, இரண்டுமே காலையில். பேட்டரி போட்ட தேதியை மார்க்கரில் பெட்டி மேலேயே எழுதிவிட்டோம்.

ஏஎம்சி (வருடாந்தரப் பராமரிப்பு ஒப்பந்தம்) போடுகிறவர்கள் பேட்டரி விலை அதில் சேர்த்தியா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள், எங்களுக்கு வந்த கொட்டேஷனில் அது தனி.