அழித்துவிட்டு மீண்டும் நிறுவச் சொன்னார்கள்: ஒரு செயலி அப்டேட்டிலிருந்து கல்யாண வீடியோக்களை மீட்ட அனுபவம்

கோப்புகளை அனுப்பவும் பெறவும், வந்து சேர்ந்த வீடியோவை அதிலேயே ஓட்டிப் பார்க்கவும் உதவுகிற செயலி ஒன்று எங்கள் வீட்டுப் போன்களிலும், லேப்டாப்பிலும், கூடத்து டிவியிலும் சில ஆண்டுகளாக இருந்துவருகிறது. 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு தடைசெய்த 59 செயலிகளோடு ஷேர்இட்டும் ஸெண்டரும் போன பிறகு, அவற்றுக்கு மாற்றாக நாங்கள் தேடிப் பிடித்தது இது. அதன் பெயரை இங்கே எழுதவில்லை. இந்த வகையைச் சேர்ந்த எந்தச் செயலியிலும் இதே சிக்கல் வரக்கூடும் என்பதால் பெயர் முக்கியமும் இல்லை. நெடுநாள் புதுப்பிக்கப்படாமல் கிடந்த அந்தச் செயலிக்கு அண்மையில் பெரிய அப்டேட் ஒன்று வந்தது. அந்த அப்டேட் தந்த தொல்லையைவிட, உதவி கேட்டு நான் எழுதிய மின்னஞ்சலுக்கு வந்த பதில்தான் என்னை இன்னும் கொதிக்க வைக்கிறது. அந்தப் பதிலில் சொன்னபடி செய்திருந்தால் என் அக்கா மகளின் கல்யாண வீடியோக்கள் அடியோடு அழிந்திருக்கும்.

கல்யாணத்துக்கு வந்த வீடியோகிராபர் தொகுத்து முடித்த படத்தைப் பென்டிரைவில் தனியாகக் கொடுத்துவிட்டார். அதில் இடம்பெறாத மூலப் பதிவுகளை, அதாவது நலங்கு, பெரியப்பா மணமேடைக்கு அருகே நின்று பாடிய வாழ்த்து, சமையற்கட்டில் பெண்கள் கூடிப் பேசியது ஆகியவற்றை, ஸ்டூடியோவின் லேப்டாப்பிலிருந்து இந்தச் செயலி வழியாக என் போனுக்கு வாங்கியிருந்தேன். ஸ்டூடியோக்காரர்கள் மெமரி கார்டுகளையும் லேப்டாப்பையும் அடுத்த கல்யாணத்துக்காகக் காலிசெய்துவிடுவார்கள் என்பது தெரிந்ததே. ஆகவே அவற்றுக்கு வேறு பிரதி இல்லை.

அப்டேட் இரவில் தானாக நடந்து முடிந்திருந்தது. காலையில் செயலியைத் திறந்தபோது, கோப்புகள் இடம் மாற்றப்படுவதாக ஒரு வரி ஓடி மறைந்தது. அதன் பிறகு போனின் கேலரியில் அந்த வீடியோக்கள் ஒன்றும் இல்லை. வேறு பிளேயர்களிலும் தென்படவில்லை. செயலிக்குள் இருக்கும் பட்டியலில் மட்டும் பெயர்கள் இருந்தன. தொட்டால் படம் ஓடியது, ஆனால் ஒலி வரவில்லை. பெரியப்பா வாயசைப்பதைப் பார்க்க முடிந்ததே தவிர, அவர் பாடியதைக் கேட்க முடியவில்லை. ஸ்கிரீன்ஷாட்களோடு எல்லாவற்றையும் விளக்கி உதவிப் பிரிவுக்கு எழுதினேன். அடுத்த நாள் வந்த பதில் இரண்டே வரிதான்: செயலியை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவுங்கள், சிக்கல் தீர்ந்துவிடும் என்றார்கள். நான் குறிப்பிட்டிருந்த எதையும் அவர்கள் படித்ததற்கான அடையாளம் அதில் இல்லை.

"மாப்ளே, அவங்களே சொல்றப்ப அழிச்சிட்டுப் போட வேண்டியதுதானே?" என்றார் அத்தான். எனக்கு மனம் ஒப்பவில்லை. நீக்குவதற்கு முன் போனின் அமைப்புகளில் அந்தச் செயலியின் சேமிப்பகப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். செயலியின் அளவு வழக்கம்போலச் சிறியதாகவே இருந்தது. அதற்குக் கீழே 'பயனர் தரவு' என்ற வரியில் மட்டும் பல்லாயிரம் எம்பி ஏறியிருந்தது. அப்டேட்டுக்கு முன் அந்த எண் மிகச் சிறியது. எங்கோ போய்விட்டதாக நான் நினைத்த வீடியோக்கள் அத்தனையும் அந்த ஒரு வரிக்குள் உட்கார்ந்திருந்தன.

இதன் பின்னணியைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பலருக்கும் இது தெரிந்திருக்காது. முன்பெல்லாம் இத்தகைய செயலிகள் போனின் பொதுச் சேமிப்பகத்தில் தம் பெயரில் ஒரு ஃபோல்டரை உருவாக்கி, வருகிற கோப்புகளை அதில் போட்டுவைக்கும். செயலியை நீக்கினாலும் அந்த ஃபோல்டர் அப்படியே இருக்கும். 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10 இந்த ஏற்பாட்டை மாற்றத் தொடங்கியது. 2020-இல் வந்த ஆண்ட்ராய்டு 11 அந்த மாற்றத்தைக் கட்டாயமாக்கியது. பிளே ஸ்டோரில் அப்டேட் வெளியிடுகிறவர்கள் ஆண்ட்ராய்டு 11-இன் விதிகளுக்கு உட்பட்டே ஆக வேண்டும் என்பது 2021 நவம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. எல்லாக் கோப்புகளையும் கையாளும் தனி அனுமதி ஒன்று உண்டுதான். ஆனால் அது ஏன் தேவை என்று கூகுளிடம் காரணம் காட்டி ஒப்புதல் பெற வேண்டும். எனவே பல ஆண்டுகள் உறங்கிக் கிடந்த செயலி ஒன்று திடீரென அப்டேட் ஆகும்போது, அதைச் செய்தவர்கள் எளிய வழியாக எல்லாவற்றையும் தமக்கென ஒதுக்கப்பட்ட தனி ஃபோல்டருக்குள் தள்ளிவிடுகிறார்கள். 'ஆண்ட்ராய்டு' என்ற ஃபோல்டருக்குள் 'டேட்டா' என்று இருப்பதில், அந்தந்தச் செயலியின் பெயரில் அது இருக்கும். அங்கே இருப்பதைக் கேலரி பட்டியலிடாது. செயலியை நீக்கினால் அந்த ஃபோல்டரும் கூடவே நீங்கிவிடும்.

உதவிப் பிரிவு சொன்ன வழி நேரே அந்தப் பள்ளத்தில்தான் போய் விழுகிறது. நீக்கும்போது போன் காட்டும் பெட்டியில், செயலியை நீக்கவா என்ற கேள்வி மட்டுமே இருக்கிறது. உள்ளே உங்கள் கல்யாண வீடியோ இருக்கிறது என்று அது எச்சரிப்பதில்லை. தன் செயலி கோப்புகளை எங்கே கொண்டுபோய் வைத்தது என்பதை அறிந்த நிறுவனம்தான் அந்த எச்சரிக்கையைச் சொல்லியிருக்க வேண்டும்.

மீட்கும் வேலையை யுஎஸ்பி கேபிள் கொண்டு செய்தேன். போனை லேப்டாப்பில் இணைத்து, அறிவிப்புப் பகுதியில் 'சார்ஜ் மட்டும்' என்றிருப்பதைக் 'கோப்புப் பரிமாற்றம்' என்று மாற்றிய பிறகு, போனில் திறக்க மறுத்த அந்தத் தனி ஃபோல்டர் லேப்டாப்பில் திறந்தது. மொத்தமாக இழுத்துப் போட்டபோது பாதியில் நின்றுவிட்டதால், சிறு சிறு தொகுதியாகப் பிரித்து நகலெடுத்தேன். திரை அணையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சார்ஜ் மட்டும் செய்யக்கூடிய கேபிள்களும் கடையில் கிடைக்கின்றன. போனே லேப்டாப்பில் தெரியவில்லை என்றால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

வீடியோ கேமராவிலிருந்து வரும் ஏவிசிஎச்டி வகைக் கோப்புகளுக்குப் பெயரே கிடையாது, 00000.எம்டிஎஸ், 00001.எம்டிஎஸ் என்று எண்கள்தான் இருக்கும். இரண்டு கேமராவில் எடுத்திருந்தால் இரண்டிலும் அதே எண்கள் வரும். மணமகள் வீட்டுப் பக்கம் நின்ற கேமராவின் 00003-உம், பந்திப் பக்கம் நின்ற கேமராவின் 00003-உம் வெவ்வேறு காட்சிகள். லேப்டாப்பில் ஒரே ஃபோல்டருக்குள் நகலெடுக்கும்போது, அதே பெயரில் கோப்பு இருக்கிறது, மாற்றி எழுதவா என்று விண்டோஸ் கேட்டது. அந்த இடத்தில் அவசரப்பட்டு ஆம் என்று அழுத்தினால், மீட்கிற வேலையிலேயே பாதியை இழந்துவிடுவோம். ஒவ்வொரு கேமராவுக்கும் தனி ஃபோல்டர் போட்டு, இரு பக்கமும் கோப்புகளின் அளவு பைட் கணக்கில் ஒத்துப்போகிறதா என்று பார்த்து முடித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அதன் பின் வெளிப்புற ஹார்டு டிஸ்க்கில் இன்னொரு பிரதி எடுத்தேன்.

ஒலிச் சிக்கலுக்கும் காரணம் கிடைத்தது. ஏவிசிஎச்டி கேமராக்கள் பெரும்பாலும் ஒலியை டால்பியின் ஏசி-3 வகையில் பதிவுசெய்கின்றன. அதைப் படிக்கும் பகுதியைச் செயலியில் சேர்ப்பதில் உரிமக் கேள்விகள் இருந்துவந்ததால், சில பிளேயர்கள் அதை விட்டுவிடுகின்றன. புதிய பதிப்பில் படம் ஓடி ஒலி மட்டும் வராததற்கு வேறு விளக்கம் எனக்குத் தெரியவில்லை. அதே கோப்பு விஎல்சி என்ற இலவச வீடியோ பிளேயரில் குறையில்லாமல் பாடியது. விஎல்சியைத் தடைசெய்துவிட்டார்களே என்று அத்தான் தயங்கினார். அதன் இணையதளம் 2022 பிப்ரவரி வாக்கில் இந்தியாவில் முடக்கப்பட்டது உண்மை; அதே ஆண்டு நவம்பரில் முடக்கம் நீக்கப்பட்டுவிட்டது. விஎல்சியை வீடியோலேன் அமைப்பின் சொந்தத் தளத்திலிருந்தோ பிளே ஸ்டோரிலிருந்தோ மட்டும் எடுங்கள். உங்கள் வீடியோவில் ஒலி வரவில்லை என்றால், கோப்பு கெட்டுவிட்டது என்று முடிவுகட்டுவதற்கு முன் அதில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

மற்ற கருவிகளின் கதை வேறு. போனில் புதிய பதிப்பு வந்துவிட்டது. டிவியில் பழைய பதிப்பு நின்றுவிட்டது. இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்ளவே இல்லை. டிவியின் பிளே ஸ்டோரில் தேடினால், இந்தக் கருவிக்குப் பொருந்தாது என்று வந்தது. எங்கள் டிவியில் இருப்பது பழைய ஆண்ட்ராய்டு. புதிய பதிப்பு அதற்கு மேற்பட்டவற்றில் மட்டுமே இயங்கும். சரி, போனிலாவது பழைய பதிப்புக்குத் திரும்பலாம் என்றால், புதியதன் மேல் பழையதை நிறுவ ஆண்ட்ராய்டு அனுமதிப்பதில்லை. புதியதை நீக்கியாக வேண்டும், நீக்கினால் தரவு போய்விடும். டிவிக்கென்று ஏபிகே கோப்புகளை, அதாவது பிளே ஸ்டோர் இல்லாமலே செயலியை நிறுவ உதவும் கோப்புகளை, அள்ளித் தருகிற தளங்கள் இருக்கின்றன. தெரிந்த பையன் ஒருவர் அப்படி ஒன்றைக் கொண்டுவந்து போட்டுப் பார்த்தார். செயலி நிறுவப்படவில்லை என்று டிவி மறுத்துவிட்டது. ஏற்கெனவே இருக்கும் செயலியில் உள்ள டிஜிட்டல் கையொப்பமும் புதிதாக வருவதில் உள்ள கையொப்பமும் ஒன்றாக இல்லாவிட்டால், ஆண்ட்ராய்டு அதை அப்டேட்டாக ஏற்காது. அந்த மறுப்பு நம் பாதுகாப்புக்கானது. பழையதை நீக்கிவிட்டுப் போட்டால் ஏறிவிடும் என்று அவர் சொன்னபோது, வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். கையொப்பம் மாறியிருக்கிறது என்றால் அந்தக் கோப்பைச் செய்தவர் வேறு யாரோவாக இருக்கலாம்.

எல்லாவற்றையும் வேறொரு பென்டிரைவில் போட்டு டிவியில் செருகலாம் என்று பார்த்தால், தொகுத்து முடித்த படம் 4 ஜிபிக்கு மேல் இருந்தது. எஃப்ஏடி32 முறையில் ஃபார்மேட் செய்யப்பட்ட பென்டிரைவில் 4 ஜிபியை எட்டும் தனிக் கோப்பு ஏறாது. உள்ளே எவ்வளவு இடம் காலியாக இருந்தாலும் இடம் போதவில்லை என்பதுபோல அடம்பிடிக்கும். கடைசியில் லேப்டாப்பில் அந்த ஃபோல்டரைப் பகிர்வில் வைத்து, டிவியில் விஎல்சியை நிறுவி, வைஃபை வழியாக அதில் உலாவித் திறந்தேன். ஓடியது, ஒலியோடு ஓடியது. அக்கா கூடத்துக்கு வந்து நின்றுகொண்டே பெரியப்பாவின் பாட்டை முழுதும் கேட்டார்.

தம்பியின் ஐபோனில் செயலி சிக்கலின்றி அப்டேட் ஆனது. ஆனால் மற்ற கருவிகளைத் தேடிக்கொண்டே இருந்தது, பிழை என்று எதையும் காட்டவில்லை. 2020-இல் வந்த ஐஓஎஸ் 14 முதல், வீட்டு வைஃபையில் உள்ள பிற கருவிகளைச் செயலி அணுக வேண்டுமானால் தனி அனுமதி வேண்டும். அந்தக் கேள்வி திரையில் வந்தபோது தம்பி மறுத்திருக்கிறான். அமைப்புகளில் தனியுரிமைப் பகுதிக்குள் 'லோக்கல் நெட்வொர்க்' பட்டியலில் போய் அதை இயக்கியதும் புதிய பதிப்பு இருந்த கருவிகள் எல்லாம் வரிசையாகத் தெரிந்தன. ஐபோனில் பெரிய கோப்பு போய்க்கொண்டிருக்கும்போது திரையை அணைத்தாலோ வேறு செயலிக்குத் தாவினாலோ எங்களுக்குப் பரிமாற்றம் அறுந்துபோனது. முடியும்வரை கையில் வைத்துக்கொண்டிருக்கச் சொன்னேன்.

அம்மாவின் பழைய போனில் லொகேஷனை ஆன் செய்தாக வேண்டும். ஆண்ட்ராய்டு 12 வரை, அருகிலுள்ள வைஃபை கருவிகளைத் தேடுவதற்கு இருப்பிட அனுமதி தேவைப்பட்டது. 2022-இல் வந்த ஆண்ட்ராய்டு 13-இல்தான் அதற்கென்று 'அருகிலுள்ள கருவிகள்' என்ற அனுமதி தனியாக வந்தது. அதே ஆண்ட்ராய்டு 13-இல் படம், வீடியோ, இசை ஆகியவற்றுக்கான அனுமதிகளும் பிரிந்துவிட்டதால், அப்டேட்டுக்குப் பிறகு வீடியோ மட்டும் தெரிந்து பாட்டு தெரியாமல் போனால் அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். லேப்டாப்பில், அப்டேட்டுக்குப் பின், வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வால் மறுபடி அனுமதி கேட்டது. வீட்டு வைஃபை 'பப்ளிக்' என்று பதிவாகியிருந்ததை 'பிரைவேட்' ஆக்கியதும் சரியானது.

போனுக்குப் போன் அனுப்புவதற்கு இப்போது கூகுளின் குயிக் ஷேர் ஒன்றே எங்களுக்குப் போதுமாக இருக்கிறது. 2020-இல் நியர்பை ஷேர் என்று வந்தது, 2024 ஜனவரியில் சாம்சங்கின் வசதியோடு இணைந்து இந்தப் பெயர் பெற்றது; விண்டோஸ் லேப்டாப்புக்கும் கிடைக்கிறது. பழைய செயலியை அம்மாவின் போனில் இன்னும் விட்டுவைத்திருக்கிறேன், ஏனெனில் அதில் பழைய பதிப்பு இருக்கிறது, டிவியோடு பேசுகிறது. பிளே ஸ்டோரில் அந்தச் செயலியின் பக்கத்தைத் திறந்து, மேலே வலப்புறம் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு, தானியங்கி அப்டேட் என்ற கட்டத்தில் இருந்த குறியை எடுத்துவிட்டேன். பழைய பதிப்பில் பாதுகாப்பு ஓட்டைகள் அடைபடாமல் இருக்கும் என்பதால், வீட்டு வைஃபையைத் தாண்டி அதை இயக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.

என் புகார் 'தீர்க்கப்பட்டது' என்ற குறியோடு உதவிப் பிரிவால் மூடப்பட்டுவிட்டது. அதை மீண்டும் திறக்கச் சொல்லி, நீக்குமாறு கூறும் ஒவ்வொரு பதிலிலும் 'முதலில் கோப்புகளை வேறு இடத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்' என்ற வரியைச் சேர்க்குமாறு கேட்டு எழுதியிருக்கிறேன். இதை எழுதும்வரை பதில் வரவில்லை. இப்படியொரு அப்டேட் உங்கள் போனுக்கும் வந்திருந்து, வீடியோக்கள் கேலரியில் காணவில்லை என்றால், எதையும் நீக்காதீர்கள். முதலில் சேமிப்பகப் பக்கத்தில் அந்தப் 'பயனர் தரவு' எண்ணைப் பாருங்கள்.