பாறுகளின் உயிர் எங்கள் ஊசியில்

நீலகிரியில் மசினகுடி, சிறியூர்ப் பக்கம் "மாடு படுத்துவிட்டது" என்று ஆள் வந்தால், பல நேரம் அது மூன்று நாள் காய்ச்சலாகத்தான் இருக்கும். கால் நொண்டும், மூக்கில் நீர் வடியும், தீனி எடுக்காது. பெரும்பாலான மாடுகள் தானாகவே தெளிந்துவிடும். பட்டிக்காரருக்கு அதுவரை பொறுக்காது. "உடனே எழுந்து நிற்கிற ஊசியாகப் போடுங்கள், டாக்டர்" என்பார். பாலை நம்பிக் கடன் வாங்கியவர் வேறென்ன கேட்பார்?

அந்த அவசரத்துக்குத்தான் ஒரு காலத்தில் டைக்ளோஃபினாக் என்ற வலிமருந்து போடப்பட்டது. மருந்து உடம்பில் இருக்கும்போதே மாடு செத்து, அதைப் பாறு, அதாவது பிணந்தின்னிக் கழுகு, தின்றால் பறவையின் சிறுநீரகம் பழுதாகும். இரத்தத்தில் யூரிக் அமிலம் ஏறும். செத்த பறவையை அறுத்தால் இதயத்திலும் ஈரலிலும் சுண்ணாம்பு அடித்ததுபோல வெள்ளை படிந்திருக்கும். நூறு சடலங்களில் ஒன்றில் இந்த மருந்து இருந்தாலே இனம் சரிந்துவிடும்; பாறுகள் கூட்டமாக அமர்ந்து தின்பவை, ஒரு இணை ஆண்டுக்கு ஒரே முட்டைதான் இடும். 1990களில் தொடங்கிய சரிவில் இந்திய வெண்முதுகுப் பாறுகளில் 99 விழுக்காட்டுக்கு மேல் போய்விட்டன. அழுகும் இறைச்சியைக் கிருமியோடு செரித்துவிடும் வயிறு அவற்றுக்கு. அவை இல்லாத ஊர்களில் சடலங்களைத் தின்று தெருநாய்கள் பெருகின, வெறிநோய்க் கவலையும் கூடியது.

மாடுகளுக்கு டைக்ளோஃபினாக் போடுவது 2006இல் தடைசெய்யப்பட்டது. மனிதர்களுக்கான பெரிய குப்பிகள் மாட்டுக்குப் போய்க்கொண்டிருந்ததால், 2015இல் குப்பி 3 மில்லிக்குள் சுருக்கப்பட்டது. கீட்டோபுரோஃபென், அசெக்ளோஃபினாக் என்ற வேறு இரண்டு வலிமருந்துகளும் 2023இல் தடைக்குள் வந்தன. அசெக்ளோஃபினாக் மாட்டின் உடலுக்குள் டைக்ளோஃபினாக்காகவே மாறுகிறது. அதைத் தடுக்க இத்தனை ஆண்டுகள் ஆனதில் எனக்கு இன்றும் கோபம்தான். என் பையில் இருப்பது மெலாக்சிகம் என்ற வலிமருந்து. பாறுகளுக்குக் கேடில்லை, மாட்டுக்கும் நன்றாகவே கேட்கிறது. இதைப் பட்டிக்குப் பட்டி நின்று சொல்வதையும் சிகிச்சையின் பகுதியாகவே நினைக்கிறேன்.

மாயாற்றங்கரை நீர்மத்தி மரங்களில் வெண்முதுகுப் பாறு இன்னும் கூடு கட்டுகிறது. கருங்கழுத்துப் பாறுக்குச் செங்குத்துப் பாறைகள். காட்டில் புலி விட்டுவைத்ததும் அவற்றுக்கு இரை. ஆபத்து அதிலும் உண்டு. புலி அடித்த மாட்டுக்கான இழப்பீடு இழுத்துக்கொண்டே போனால், மாட்டை இழந்தவர் ஆத்திரத்தில் சடலத்தில் பூச்சிமருந்தைத் தடவிவிடக்கூடும். புலிக்கு வைத்த நஞ்சு பாறுக் கூட்டத்தையே சாய்த்துவிடும். அதனால் புலி அடித்த மாடு என்று தகவல் வந்தால் மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு அன்றைக்கே போய்ப் பார்த்துச் சான்று எழுதிக் கொடுத்துவிடுகிறேன். மனு தாமதமில்லாமல் வனத்துறைக்குப் போய்ச் சேர வேண்டும்.